பதில்: பி.காமை விட்டுட்டு வரலாறு சேரலாமா?

தங்கச்சி, இரண்டாம் வருஷ பி.காமை விட்டுட்டு வரலாறு சேரணும்னு சொன்னதும் டெல்லி ஆர்.கே.புரம் வீட்டுல அப்பா பேச்சையே நிறுத்திட்டார்னு எழுதியிருக்கீங்க. விடவே வேண்டாமே! ஒரே சமயத்துல இரண்டு பட்டம் படிக்க 2022லயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வழிவிட்டாச்சு. ஒண்ணு கல்லூரியில, இன்னொண்ணு தொலைநிலைக் கல்வியில. நம்ம மைதான் கடி இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வரலாறு இருக்கு, ஜனவரி, ஜூலைன்னு இரண்டு சேர்க்கை. உங்க பல்கலைக்கழகம் ஒத்துக்குமா, தேர்வுத் தேதி மோதுமான்னு மட்டும் முதல்ல கேட்டுக்கோங்க.

ஒரு வருஷம் படிச்சா, இது வரலாறு மேல ஆசையா, அக்கவுண்ட்ஸ் மேல கடுப்பான்னு தெரிஞ்சுடும். (எனக்குக் கடுப்புதான். லேட்டாத்தான் புரிஞ்சுது.)

அப்பாகிட்ட "விடறேன்"னு ஆரம்பிக்காம "சேர்த்துப் படிக்கிறேன்"னு ஆரம்பிங்க. மலை மந்திர் முருகன் கோவில் படி இறங்கும்போது சொல்லிப் பாருங்க. எங்கப்பா அப்பதான் காது கொடுப்பார்.