அந்த ஆமை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமா?

அன்புள்ள அண்ணா,

போன சனிக்கிழமை பின்னேரம் குடும்பமாக வடக்கே ஒரு ஏரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். சதுப்பு நிலத்தை ஒட்டிய வீதியில், ஓரத்துக் கிறவலில் ஒரு பெரிய ஆமை பின்னங்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஓடு முழுக்கப் பாசி, முதலைக்கு இருப்பதுபோல வால். காரை நிறுத்தினோம். “ஸ்னாப்பிங் டர்ட்டில் அம்மா, டைனோசர் காலத்திலிருந்து மாறவே இல்லை” என்றான் மகன். கிட்டப் போகாதே, விரலைத் துண்டாக்கிவிடும் என்று இவர் தடுத்துவிட்டார். பின்னால் வந்த காரிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், “இத்தனை கோடி வருசம் தப்பின சீவன், அதுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் வந்துவிட்டோம். ஆனால் மனம் ஆறவில்லை. அந்த வீதியில் லொறிகள் வேகமாகப் போகும். நாங்கள் ஏதாவது செய்திருக்க வேண்டுமா? மகன் சொன்னது உண்மையா? இதற்கு வேறு நாடுகளிலும் சொந்தங்கள் உண்டா?

தெ., ஸ்காபரோ

அன்புள்ள தெ.,

அந்தப் பெரியவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஒன்ராறியோவில் ஏரிக்கரைகளிலும் படகுத்துறைகளிலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலைதான் வருகிறது, ஏனென்றால் இந்த ஆமைக் குடும்பத்தின் வரலாறு சொல்வது வேறு. தப்பியவை சில, அழிந்தவை பல.

முதலில் மகனுக்கு. அவன் சொன்னது பெருமளவு சரி. ஸ்னாப்பிங் ஆமைக் குடும்பத்தின் மிகப் பழைய எலும்புத் துண்டுகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. வயது சுமார் 9 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன். அந்த அழிவுக்குப் பிறகு சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே, இன்றைய வட டகோட்டாவில் இருந்த வெதுவெதுப்பான சதுப்பு நிலங்களில் முதலைகளோடு சேர்ந்து வாழ்ந்தது புரோட்டோகெலிட்ரா என்ற ஆமை. வானகன் கிறீக் என்ற இடத்தில் தோண்டி எடுக்கப்பட்ட அதற்கு 1973-இல் பெயர் வைத்தார் தொல்லுயிர் ஆய்வாளர் புரூஸ் எரிக்சன். இன்றைய ஸ்னாப்பிங் ஆமையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த எலும்புகளில் குடும்ப முகம் தெரிந்துவிடும். ‘மாறவே இல்லை’ என்பது மட்டும் மிகை. இடையில் எத்தனையோ இனங்கள் தோன்றி, பரவி, மறைந்திருக்கின்றன. நாம் பார்ப்பது எஞ்சிய கிளைகளை.

சொந்தங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இன்று உயிரோடிருப்பவை ஐந்து இனங்கள், ஐந்தும் அமெரிக்கக் கண்டங்களில்தான். நீங்கள் பார்த்தது கனடாவின் தெற்கிலிருந்து மெக்சிக்கோ வளைகுடாக் கரைவரை வாழும் சாதாரண ஸ்னாப்பிங் ஆமை. மத்திய அமெரிக்காவில் ஒன்று, ஹொண்டுராசிலிருந்து எக்குவடோர்வரை இன்னொன்று. மற்ற இரண்டும் அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமைகள். வளைகுடாவில் கலக்கும் ஆறுகளில் இருப்பவை, நூறு கிலோவை எட்டக்கூடியவை. நாக்கில் புழுவைப் போன்ற ஒரு சதைத்துணுக்கை நெளியவிட்டு, வாயைத் திறந்தபடி ஆற்றடியில் காத்துக்கிடக்கும். இரண்டில் ஒன்று அமெரிக்காவின் சுவானி ஆற்றில் மட்டும் வாழ்வது. அது தனி இனம் என்று தெரிந்ததே 2014-இல்தான்.

இந்தக் குடும்பம் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியிருந்தது. ஜெர்மனியின் தென்கோடியில், சுவிஸ் எல்லையை ஒட்டி ஓனிங்கன் என்றொரு ஊர். அங்கிருந்த சுண்ணாம்புக்கல் குழிகளிலிருந்து மீன், இலை, பூச்சி எல்லாம் பாறையில் பதிந்து வந்தன. அவற்றில் ஒரு எலும்புக்கூட்டை, நோவா காலத்து வெள்ளத்தில் இறந்த மனிதனுடையது என்று 1726-இல் அறிவித்தார் சுவிஸ் மருத்துவர் ஷாய்க்சர். பல பத்தாண்டுகள் கழித்து, 1811-இல், பிரெஞ்சு அறிஞர் கூவியே அந்தக் கல்லை மேலும் செதுக்கிப் பார்த்து, அது ஒரு ராட்சத சலமாண்டர் என்று காட்டினார். அதே ஓனிங்கன் கல்லில் ஒரு பெரிய ஆமையும் கிடைத்தது. லண்டனில் தோமஸ் பெல் அதை ஆராய்ந்து, இது வட அமெரிக்க ஸ்னாப்பிங் ஆமையின் இனத்தான் என்று 1832-இல் எழுதினார். புவியியலாளர் மர்ச்சிசனின் பெயரையும் அதற்கு வைத்தார். இன்று அது கெலிட்ராப்சிஸ் என்ற அழிந்த பேரினத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்தச் சலமாண்டரின் நெருங்கிய உறவுகள் இன்று சீனாவிலும் ஜப்பானிலும் வாழ்கின்றன. ஆமையின் உறவுகள் வாழ்வது அமெரிக்காவில். 1.3 கோடி ஆண்டுக்கு முன் இரண்டும் ஒரே குளத்தில் கிடந்தவை. ஐரோப்பாவில் இரண்டுமே இன்று இல்லை.

கெலிட்ராப்சிசும் அதன் நெருங்கிய உறவுகளும் கஜகஸ்தான்வரை கிடைத்திருக்கின்றன. உக்ரேனிலிருந்து பெரியதொரு மண்டையோட்டின் பகுதி வந்திருக்கிறது. பனியூழிகள் நெருங்கிய பிளியோசீன் காலத்தோடு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இந்தக் கிளை அற்றுப்போகிறது. குளிர் கூடியதும் வெப்பமான கோடைகள் சுருங்கியதும்தான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அமெரிக்காவில் ஆறுகள் தெற்கு நோக்கி வளைகுடாவுக்குப் போகின்றன, பின்வாங்க இடம் இருந்தது. ஐரோப்பாவில் தெற்கே போனால் மலையும் கடலும். நீங்கள் நின்ற அந்த வீதியோரம் 20,000 ஆண்டுக்கு முன் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிப்பாறைக்கு அடியில் இருந்தது. இங்கிருக்கும் ஸ்னாப்பிங் ஆமைகள் எல்லாம் பனி உருகிய பிறகு தெற்கிலிருந்து ஏறி வந்தவற்றின் பிள்ளைகள்.

ஆசியாவில் இன்னும் ஒரு சொந்தம் இருக்கிறது என்று சில காலம் நம்பினார்கள். சீனாவிலும் வியட்நாம், தாய்லாந்து மலையோடைகளிலும் வாழும் பெருந்தலை ஆமையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்: உள்ளே இழுக்க முடியாத தலை, கொக்கி அலகு, நீண்ட வால். 1970களில் அதை இந்தக் குடும்பத்திலேயே சேர்த்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்ததும் அது வேறு கிளை என்று தெளிவானது. உண்மையான ஒன்றுவிட்ட உறவு உங்கள் பக்கத்து ஏரியிலேயே இருக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் மஸ்க் ஆமை, ஒன்ராறியோ ஏரிகளின் அடியில் நடந்து திரிவது, இதற்கு மிகக் கிட்டிய சொந்தங்களில் ஒன்று.

இனி விரல் விஷயம். உங்கள் கணவரின் பயம் நியாயமானது, அளவுதான் கூடிவிட்டது. அடுத்தமுறை இந்த ஆமையைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மற்ற ஆமைகள் பலவற்றுக்கு அடிவயிற்றை மூடியபடி ஓடு இருக்கும். இதற்கு நடுவில் ஒரு சிறிய சிலுவை மட்டும்தான். கால்கள் சேரும் இடமெல்லாம் வெறும் சதை. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்ள இதனால் முடியாது. தண்ணீருக்குள் இந்த அமைப்பு வசதி, கால்கள் தாராளமாக இயங்கும், ஆபத்து வந்தால் சேற்றுக்குள் போய்விடும். நீந்தும்போது நம் காலடியில் வந்தால் விலகித்தான் போகும். தரையில் ஒளிய இடமில்லாததால் வாயைத் திறந்து பாய்கிறது. கடித்தால் கிழிந்து இரத்தம் வரும், வலிக்கும், கவனம் வேண்டும். ஆனால் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் அதன் கடியை அளந்தபோது சுமார் 200 நியூட்டன்தான் வந்தது. நம்முடைய கடைவாய்ப் பற்கள் அதைவிடப் பலமாகக் கடிக்கும்.

சரி, அது தன்னைப் பார்த்துக்கொள்ளுமா? இதற்கு அல்கொங்குயின் பூங்காவில் பதில் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து சில மணிநேரக் கார் ஓட்டம். அங்கே 1972 முதல் ஸ்னாப்பிங் ஆமைகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து வருகிறார்கள். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் புரூக்ஸ் பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு அது. அங்கே ஒரு பெண் ஆமை முதல் முட்டை இட 17, 18 வயதாகிவிடும். ஆயிரம் முட்டைக்கு ஒன்றுகூட வளர்ந்த ஆமையாவதில்லை. ரக்கூனும் நரியும் ஸ்கங்கும் குழியைத் தோண்டித் தின்றுவிடும், பல ஆண்டுகளில் கோடை குளிர்ந்து முட்டை பொரிக்காமலே போகும். இந்த இழப்பை அது ஒரே வழியில் ஈடுகட்டுகிறது. முதிர்ந்த தாய் சாகாமல், அறுபது எழுபது ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும், முட்டையிட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

1980களின் கடைசியில் வந்த பனிக்காலங்களில் அங்கே நீர்நாய்கள் புகுந்தன. பனிக்காலத்தில் இந்த ஆமைகள் உறைந்த நீருக்கடியில் மாதக்கணக்கில் மேலே வந்து மூச்செடுக்காமல், ஏறக்குறைய அசைவே இல்லாமல் கிடக்கும். கோடையில் எந்த நீர்நாயும் கிட்ட நெருங்க யோசிக்கும் மிருகம், அந்தக் குளிரில் வாயைத் திறக்கவும் வலுவில்லாமல் இருக்கும். ஓட்டில்லாத கால் இடுக்குகள் வழியாகவே நீர்நாய்கள் அவற்றைத் தின்றன. சில ஆண்டுகளுக்குள் முதிர்ந்த ஆமைகளில் ஏறத்தாழப் பாதி போய்விட்டன. அதன்பிறகு நீர்நாய்த் தொல்லை அடங்கியது. ஏரி அப்படியே இருக்கிறது, காடு அப்படியே இருக்கிறது, வேட்டை இல்லை. எண்ணிக்கை மீளும் என்று காத்திருந்தார்கள். இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலான கணக்கைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டபோது, மீண்டதற்கான அறிகுறியே இல்லை.

மிச்சிகனில் ஆய்வாளர் ஜஸ்டின் கொங்டனும் கூட்டாளிகளும் 1994-இல் வெளியிட்ட கணக்கும் இதையே காட்டுகிறது. முதிர்ந்த ஆமைகளில் நூற்றுக்குப் பத்து ஆண்டுதோறும் கூடுதலாக இறந்தால் போதும், இருபது ஆண்டுக்குள் அவை பாதியாகிவிடும். கோடி ஆண்டுகளைக் கடத்திய அதே வாழ்க்கை முறை, ஒரு வீதியின் முன் நிற்கமுடியாமல் போவது இதனால்தான். அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமைக்கு நடந்ததும் இதுவே. 1960களிலும் 70களிலும் சூப்புக்காக லொறி லொறியாகப் பிடித்தார்கள். கடைசியாக லூசியானா 2004-இல் வணிகப் பிடிப்பை நிறுத்தியது. ஒன்ராறியோவில் ஸ்னாப்பிங் ஆமை வேட்டை 2017வரை சட்டப்படி நடந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

இதே இனம் ஜப்பானின் சிபா மாகாணத்தில், இன்பா சதுப்பு நிலத்தில், செல்லப்பிராணியாக வாங்கி விடப்பட்டுப் பெருகியிருக்கிறது. 2005 முதல் அங்கே அது தடைசெய்யப்பட்ட அந்நிய இனம், ஆண்டுதோறும் பிடித்து அகற்றுகிறார்கள். தாய்கள் நீண்டகாலம் சாகாமல் இருந்தால் இந்த ஆமை எப்படிப் பெருகும் என்பதை அங்கே பார்க்கலாம். சொந்த மண்ணில்தான் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

நீங்கள் என்ன செய்திருக்கலாம்? குழி தோண்டும் ஆமையை நகர்த்தக்கூடாது. அவசர விளக்கைப் போட்டுக் காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அது முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போகும்வரை தள்ளி நின்றாலே பெரிய உதவி. வீதியைக் கடந்துகொண்டிருந்தால் அது போகும் திசையிலேயே கொண்டுபோய் விடுங்கள். திருப்பி விட்டால் மறுபடியும் வந்து ஏறும். வாலைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம், முள்ளந்தண்டு விலகிவிடும். கழுத்து ஓட்டின் பாதிவரை பின்னால் வளையும், ஆகவே கையைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். காரின் கால்மிதியைப் பின்பக்கமாக அதன் அடியில் செருகி, மெல்ல இழுத்துக்கொண்டு போவது இருவருக்கும் நல்லது.

அடிபட்டுக் கிடந்தால், ஓடு பிளந்திருந்தாலும், செத்தது போலத் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். பீற்றர்பரோ அருகே ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. ஓட்டை ஒட்டிச் சிகிச்சை செய்து, எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிறார்கள். இறந்த தாயின் வயிற்றிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவும் வைக்கிறார்கள். அதனால் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்வது முக்கியம்.

நீங்கள் பார்த்த குழியில் பிங்பாங் பந்து போல இருபது முப்பது முட்டைகள் இருக்கும். ரக்கூனிடமிருந்து தப்பினால் ஆகஸ்ட் கடைசிக்கும் ஒக்டோபருக்கும் இடையில் குஞ்சுகள் வெளிவரும். முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றலாம் என்று மகன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு அரசு அனுமதி வேண்டும். அதோடு, முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு இறந்துவிடலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் குழியின் சூடுதான் முடிவுசெய்கிறது: நடுத்தரச் சூட்டில் ஆண், அதற்குக் கீழும் மேலும் பெண். அந்தத் தாய் வெயில் படும் கிறவலைத் தேடி ஏரியிலிருந்து அவ்வளவு தூரம் ஏறி வந்தது அந்தச் சூட்டுக்காகத்தான்.