நோக்கியா 5800 இப்போது வாங்கலாமா?

கேள்வி: 2008-ல் அறிமுகமான நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. பேசவும் பாட்டுக் கேட்கவும் இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பாட்டுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். பேசுவதற்கு என்றால் முதலில் உங்கள் சிம் நிறுவனத்திடம் விசாரியுங்கள். இதில் 4ஜி இல்லை, வோல்டி (4ஜி வழியாகப் பேசும்) அழைப்பும் வராது. 2ஜி அல்லது 3ஜி சிக்னல் இருக்கும் இடத்தில்தான் மணி அடிக்கும். 3ஜியிலும் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரியைக் கழற்றி லேபிளைப் பாருங்கள்: ஆர்எம்-356 என்றிருந்தால் அது 900, 2100 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், ஆர்எம்-427 என்றால் 850, 1900. உங்கள் ஊர் அலைவரிசை எதுவோ அதற்கு ஏற்ற மாடலாக இருக்க வேண்டும்.

அடுத்து, காதில் வைத்துப் பேசும் இயர்பீஸ். இந்த மாடலின் பேர்போன பலவீனம் இதுதான். தொடக்கத்தில் தயாரான போன்களில் இந்தப் பாகத்துக்குள் லேசாக ஈரம் புகுந்தாலே சத்தம் நின்றுவிடும். நோக்கியாவே இதை ஒப்புக்கொண்டு, 2009 தொடக்கத்திலிருந்து வேறு பாகத்தைப் போட்டது. ஆகவே ஒரு அழைப்பு செய்து, போனைக் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். விற்பவர் பாட்டைப் போட்டுக் காட்டினால் அதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பாட்டு வருவது பக்கவாட்டில் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து. அவை வேறு, இயர்பீஸ் வேறு. அதே அழைப்பில் போனின் மேற்பகுதியைக் கையால் மூடுங்கள். திரை அணைய வேண்டும். அணையாவிட்டால் பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு துண்டாகும்.

*#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் பாடியையோ போர்டையோ மாற்றியிருக்கிறார்கள். பிறகு *#7370# போட்டு, போனை முழுதாக அழித்து ரீசெட் செய்து தரச் சொல்லுங்கள். அப்போது லாக் கோடு கேட்கும். யாரும் மாற்றாதவரை அது 12345. விற்பவருக்கே கோடு தெரியவில்லை என்றால் அந்தப் போன் வேண்டாம்.

சிம் விஷயத்திலும் கவனம் தேவை. இது பெரிய சிம் போடும் போன். பக்கவாட்டில் செருக வேண்டும், எடுக்கும்போது பேட்டரியைக் கழற்றி உள்ளிருந்து ஸ்டைலஸ் (திரையைத் தொடும் குச்சி) முனையால் தள்ள வேண்டும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துச் செருகினால், வெளியே தள்ளும்போது சிம் நழுவி, அடாப்டரின் வெற்றுச் சட்டம் உள்ளே இருக்கும் பின்களில் மாட்டி அவற்றை வளைத்துவிடும். நிறைய போன்கள் சிம்மை அறியாமல் போவதற்கு இதுவே காரணம். அடாப்டரின் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டிச் செருகுங்கள்.

கேள்வி: டச் ரொம்ப அழுத்தினால்தான் வேலை செய்கிறது. சில நேரம் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது திறக்கிறது. டச் போய்விட்டதா?

பதில்: அழுத்த வேண்டியிருப்பது பழுதில்லை. இன்றைய போன்களின் திரை விரலின் மின்னூட்டத்தை உணர்வது. 5800-ன் திரை ரெசிஸ்டிவ் வகை. மேலே வளையக்கூடிய பிளாஸ்டிக் படலம், அடியில் இன்னொரு அடுக்கு, இரண்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளி. அழுத்தும்போது இரண்டும் ஒட்டுகிற புள்ளியை மின்னழுத்தத்தை வைத்துப் போன் கணக்கிடுகிறது. அதனால் நகம், ஸ்டைலஸ், கையுறை எதுவானாலும் சரி. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அறியும். இரு விரலால் படத்தை விரிக்க முடியாது. விரலின் சதைப்பகுதியால் தடவுவதைவிட நகநுனியால் தொடுவது இதற்குப் பொருந்தும்.

தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறு என்றால் செட்டிங்ஸ், போன், டச் இன்புட், டச் ஸ்கிரீன் கேலிப்ரேஷன் என்று போய், திரையில் காட்டும் குறிகளை ஸ்டைலஸால் துல்லியமாகத் தொடுங்கள். அதன்பிறகும் ஒரு ஓரம் மட்டும் செத்துக் கிடந்தால் மேல்படலம் தேய்ந்துவிட்டது. டச் வேறு, டிஸ்ப்ளே வேறு என்பதால் டச்சை மட்டும் மாற்றலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மெனு ஐகானை ஒருமுறை தொட்டால் திறக்கும். பட்டியலில் உள்ளதை ஒருமுறை தொட்டால் தேர்வாகும், மறுமுறை தொட்டால்தான் திறக்கும். இது இந்தப் போனின் இயங்குதளமான சிம்பியனின் அந்தப் பதிப்பின் வடிவமைப்பே. பட்டன் போனுக்காக எழுதிய மென்பொருளின் மேல் டச்சை ஏற்றியதன் விளைவு இது. பழகிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கேள்வி: வைஃபை இணைகிறது, ஆனால் இணையதளங்கள் திறப்பதில்லை. வாட்ஸ்அப் போட வழி உண்டா?

பதில்: இல்லை. சிம்பியன் போன்களுக்கான வாட்ஸ்அப் ஆதரவு 2017 ஜூன் 30-உடன் முடிந்தது. இணையதளங்களுக்கு இன்று வேண்டிய டிஎல்எஸ் 1.2 குறியாக்கம் இதன் பிரவுசருக்குத் தெரியாது; மெயிலும் அதே காரணத்தால் நின்றுவிடும். ரீசெட் செய்தாலும் இது மாறாது.

கேள்வி: மைக்ரோ யுஎஸ்பி கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறவில்லையே? பேட்டரி கிடைக்குமா?

பதில்: அந்தத் துளை டேட்டாவுக்கு மட்டும். சார்ஜுக்குத் தனியாக 2 மிமீ சிறு பின் துளை இருக்கிறது. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் 2 மிமீ பின் உள்ள கேபிள் வாங்கினால் இப்போதைய அடாப்டரே போதும்.

பேட்டரி பிஎல்-5ஜே, 1320 எம்ஏஎச். இதே பேட்டரிதான் 5230, எக்ஸ்6, லூமியா 520 போன்றவற்றுக்கும். அதனால் தட்டுப்பாடு குறைவு, போலி அதிகம். மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரமாகச் சுற்றினால் உப்பிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: பழைய ஆப் ஃபைல்களை மெமரி கார்டில் வைத்திருக்கிறேன். இன்ஸ்டால் செய்தால் 'சான்றிதழ் காலாவதி' என்கிறது.

பதில்: அந்த ஆப்களின் கையெழுத்துச் சான்றிதழ் காலம் முடிந்துவிட்டது. போனின் தேதியை, ஆப் வெளியான ஆண்டுக்குப் பின்னோக்கி மாற்றுங்கள். ஆப் மேனேஜரின் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸில் 'சாஃப்ட்வேர் இன்ஸ்டாலேஷன்' என்பதை 'ஆல்' என்றும், 'ஆன்லைன் சர்ட்டிபிகேட் செக்' என்பதை 'ஆஃப்' என்றும் வையுங்கள். பிறகு இன்ஸ்டால் செய்து, தேதியைத் திருப்பி வையுங்கள். போனின் உள் நினைவகம் ஏறத்தாழ 81 எம்பிதான். ஆப்களை மெமரி கார்டிலேயே போடுங்கள். கார்டு 16 ஜிபி வரை ஏற்கும்.

கேள்வி: சேகரிப்புக்காக என்றால் இதை வாங்குவதா, 2007-ன் முதல் ஐபோனையா?

பதில்: காகிதத்தில் 5800 எளிதாக வெல்லும். 3ஜி, ஜிபிஎஸ், ஃபிளாஷோடு 3.2 மெகாபிக்சல் கேமரா, வீடியோ பதிவு, மெமரி கார்டு எல்லாம் இதில் உண்டு. முதல் ஐபோனில் 2 மெகாபிக்சல் கேமரா மட்டும். வீடியோ, ஃபிளாஷ், 3ஜி, ஜிபிஎஸ், எம்எம்எஸ் எதுவும் கிடையாது. காப்பி-பேஸ்ட் வசதியே 2009-ல்தான் வந்தது. ஆனால் இரண்டையும் கையில் எடுத்து ஒரு பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் ஐபோன் ஏன் வென்றது என்பது உடனே புரியும்.

பயன்படுத்திக்கொண்டே சேகரிக்க 5800-தான் என் தேர்வு. ஐபோனின் பேட்டரி போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. உப்பினால் திரையைத் தள்ளும், மாற்ற வேலை தெரிந்த கை வேண்டும். ஐடியூன்ஸில் ஆக்டிவேட் ஆகாத போன் என்றால் அவசர அழைப்பைத் தாண்டிப் போகாது. ஐபோன்தான் வேண்டும் என்றால், முகப்புத் திரை வரை போகிற, ஆக்டிவேட் ஆன போனாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியபின் அதை ரீஸ்டோர் செய்யாதீர்கள்.