அக்காவுக்கு மாத்திரை சரி, எனக்கு?

கேள்வி: எனக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள். அம்மா 43 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இப்போது 41 வயது அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷனும் கீமோவும் முடிந்து ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கிறது. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் அவருக்கு இருப்பதாகச் சொல்லி, ஒலாபாரிப் என்ற மாத்திரையை இரண்டு வருடம் சாப்பிடச் சொல்கிறார்கள். நோய் அடியோடு போய்விடுமா? அதே மாத்திரையை நானும் இப்போதே சாப்பிட்டால் எனக்கு வராமல் தடுக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், நீங்கள் சாப்பிடக் கூடாது. ஏன் என்று புரிய, அந்த மாத்திரை வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

ஏரிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கசிவை மண் போட்டு அடைக்க ஓர் ஆள் இருக்கிறார். கரையே உடைந்தால் கட்டுவதற்கு வேறொரு கூட்டம் இருக்கிறது. நம் செல்களின் டிஎன்ஏ தினமும் பழுதாகிறது. சின்னப் பழுதைப் பார்ப்பது 'பார்ப்' என்ற நொதி; பெரிய உடைப்பைச் சரிசெய்வது பிஆர்சிஏ புரதங்கள். அக்காவின் சாதாரண செல்களில் பிஆர்சிஏ1 மரபணுவின் ஒரு பிரதி பழுது, மற்றொன்று நல்லது. அது போதும், கரை கட்ட ஆள் உண்டு. புற்றுநோய்க் கட்டியிலோ அந்த நல்ல பிரதியும் போயிருக்கும். இந்த நிலையில் மாத்திரை 'பார்ப்' நொதியைக் கட்டிப்போட்டால் சின்னக் கசிவெல்லாம் உடைப்பாக மாறும். கட்ட ஆளில்லாத புற்றுநோய் செல் மட்டும் சாகும். இங்கிலாந்தில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2005இல் இதைச் சோதனைக்கூடத்தில் காட்டின. 2014 டிசம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒலாபாரிப்புக்கு அனுமதி கிடைத்தது.

ஆக, மாத்திரைக்கு இலக்கு வேண்டும். நோய் இல்லாத உடம்பில் இலக்கு இல்லை. நல்ல செல்களின் பழுதுபார்ப்பில் கைவைப்பது மட்டும்தான் மிஞ்சும். இதை எடுத்த நோயாளிகளில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு எலும்பு மஜ்ஜைக் கோளாறோ ரத்தப் புற்றுநோயோ வருவதைப் பார்த்திருக்கிறோம். சிகிச்சைக்காக ஏற்கலாம்; தடுப்புக்காக ஏற்க எந்த ஆதாரமும் இல்லை.

இனி அக்காவின் விஷயம். அவரைப் போன்ற பெண்களிடம் நடந்த சோலோ-1 என்ற ஆய்வில், ஏழு வருடம் கழித்து ஒலாபாரிப் எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். வெற்று மாத்திரைக் குழுவில் பலர் நோய் திரும்பிய பிறகு இதே வகை மருந்தை எடுத்தும் இந்த வித்தியாசம் நின்றது. எனக்கு இது பெரிய விஷயம். மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோயில் நாங்கள் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துப் பழகியவர்கள் அல்ல. ஆனாலும் 'அடியோடு போகும்' என்று எழுதித் தர மாட்டேன். சிலரது கட்டி, பழுதான மரபணுவைத் தானே திருத்திக்கொண்டு மருந்துக்கு டிமிக்கி கொடுத்துவிடும். குமட்டல், அசதி, ரத்தசோகை வரும். முதல் வருடம் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, உங்களுக்கு என்ன வழி? முதலில் உங்களுக்கு அந்த மாற்றம் இருக்கிறதா என்றே தெரியாது. வாய்ப்பு பாதிக்குப் பாதி. இல்லை என்று வந்தால் உங்கள் ஆபத்து ஏறக்குறைய மற்ற பெண்களைப் போலத்தான். இருந்தால், 80 வயதுக்குள் நூற்றில் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரும் என்பது 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வின் கணக்கு. (அதில் மேலை நாட்டுக் குடும்பங்களே அதிகம்.)

மார்பகத்தை வருடா வருடம் எம்ஆர்ஐ, மேமோகிராம் எடுத்துக் கண்காணிக்கலாம். விரும்பினால் முன்கூட்டியே அகற்றலாம். சினைப்பையில்தான் சிக்கல். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ அதை நம்பும்படி முன்னதாகப் பிடிப்பதில்லை. அதனால் குழந்தைப் பேறு முடிந்தவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றச் சொல்கிறோம். உடனே மாதவிடாய் நின்றுபோகும்; எலும்பு, இதயம், தூக்கம், தாம்பத்தியம் எல்லாவற்றையும் அது தொடும். ஹார்மோன் சிகிச்சை பற்றி ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள், பிறகு அல்ல.

தடுப்பு மருந்து என்ற உங்கள் ஆசை அசட்டு ஆசை அல்ல. எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெனோசுமாப் ஊசி, நோயில்லாத பிஆர்சிஏ1 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயைத் தடுக்குமா என்று பல நாடுகளில் ஆய்வு நடத்துகிறார்கள். சரூபாரிப் என்ற அடுத்த தலைமுறை மாத்திரையும் ஆய்வில் இருக்கிறது. ரத்த உற்பத்தியைக் குறைவாகத் தொந்தரவு செய்யும்படி உருவாக்கியது. ஆனால் அது அக்காவைப் போல ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு.

இப்போது செய்ய வேண்டியது: அக்காவின் மரபணு ரிப்போர்ட்டில் அந்த மாற்றத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரி ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலோடு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். லேபில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று அதில் போட்டிருந்தால் அதை வைத்து எந்த ஆபரேஷனும் வேண்டாம். அப்புறம், அண்ணன் தம்பி இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். ஆண்களும் இதைச் சுமப்பார்கள், மகளுக்கும் கொடுப்பார்கள்.