அணு உலைக்குள் உருக்கு ஏன் வீங்குகிறது?

உலையில் பாயும் வேகமான நியூத்திரன்கள், உலோக அணுக்களை இருந்த இடத்திலிருந்து தட்டிவிடுவதே கதிர்வீச்சுச் சேதம். கெரம் பலகையில் காய்கள் சிதறுவதுபோலத்தான். பெரும்பாலானவை நொடிக்குள் ஓரிடத்தில் அமர்ந்துவிடும். சில அமராது, காலியிடம் மிஞ்சும்.

பெரிய தொல்லை ஹீலியம். உருக்கிலுள்ள நிக்கலும் போரனும் நியூத்திரனை விழுங்கி ஹீலியத்தை உமிழ்கின்றன. உலோகத்தில் கரையாத இவ்வாயு, காலியிடங்களில் பதுங்கிக் குமிழியாகிறது. ஹற்றன் பக்கம் விடியற்காலையில் பேக்கரிக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாணுக்குப் பிசைந்த மா எப்படிப் பொங்குமென்று. குமிழிகள் பெருகப் பெருக உருக்கும் அப்படித்தான் வீங்குகிறது. பாணுக்கு அது அழகு, உருக்குக்கோ நோய். உருக்கு நுண்ணிய படிக மணிகள் ஒட்டிச் சேர்ந்தது; அம்மணிகளின் எல்லைகளில் குமிழிகள் சேர்ந்தால், வளைய வேண்டிய உருக்கு வெடித்துப் பிளக்கும்.

இந்த ஹீலியம் கதிரியக்கமுள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பலூனில் அடைக்கும் அதே வாயுதான்.