தளத்தின் சாவி யாரிடம்?

இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டு, அதையே தொழிலாக்கப் பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாக வீடியோ பார்த்து வெப் டெவலப்மென்ட் படிக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. ரியாக்ட் படி என்கிறார்கள் சிலர், அதெல்லாம் அப்புறம் என்கிறார்கள் சிலர். எது சரி?

'அப்புறம்' என்றவர்கள் பக்கம்தான் நான். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதை எளிதாக்கும் ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பு 2006-இல் வந்தது. பல ஆண்டுகள் அது தெரியாமல் இந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது என்றிருந்தது. அதேபோல 2013-இல் ரியாக்ட் வந்தது. நாளை இன்னொன்று வரும். எது வந்தாலும் பிரவுசரிடம் கடைசியில் போய்ச் சேர்வது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், செயலைச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும்தான். டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கி 1991-இல் வெளியான முதல் தளத்தின் பழைய பிரதியை இன்றைய மொபைலிலும் திறந்து படிக்கலாம். அடிப்படையில் செலவிடும் உழைப்பு வீண்போகாது.

வீடியோவை மூடிவிட்டு ஒரு நூலகத்துக்கு ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள். நூலகத்தின் பெயர், திறந்திருக்கும் நேரம், உறுப்பினராகச் சேர ஒரு படிவம். முதலில் வெறும் எச்டிஎம்எல். நிறம், அலங்காரம் எதுவும் வேண்டாம். அந்த நிலையிலேயே மேலிருந்து கீழாகப் படித்தால் பக்கம் புரிய வேண்டும். தலைப்புக்குத் தலைப்பு டேக், நேரத்துக்கு டேபிள், படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள். இது சரியாக நின்ற பிறகு சிஎஸ்எஸ். அடுத்து மொபைலில் திறந்து பாருங்கள். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தால் வியூபோர்ட் மெட்டா டேக்கை விட்டிருப்பீர்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, அதைச் சின்னத் திரைக்குள் சுருக்கிக் காட்டும். படிவத்தை ஒருவர் காலியாகவே அனுப்பினால் என்ன ஆகும் என்று அடுத்து யோசிப்பீர்கள். உடனே ஜாவாஸ்கிரிப்ட்டைத் தேடி ஓடாதீர்கள். எச்டிஎம்எல்லில் ரிக்வயர்டு என்று ஒரு சொல் சேர்த்தால் பிரவுசரே தடுத்துவிடும். எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் இணையத்தில் உள்ள எம்டிஎன் என்ற வெப் டெவலப்மென்ட் ஆவணத்தில் தேடிப் படியுங்கள். தேவைப்பட்டபோது தேடிப் படித்தது மறப்பதில்லை.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் படங்கள் எல்லாம் தெரிகின்றன. சர்வரில் ஏற்றியதும் பாதியைக் காணோம். ஏன்?

எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று சிவப்பில் நிற்கும் வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு கோப்புகள். அது இல்லையென்றால் படத்தின் முகவரி உங்கள் சி டிரைவைக் காட்டிக்கொண்டிருக்கும். இனிமேல் எல்லாக் கோப்புகளுக்கும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவே சிறுகோடு போட்டுப் பெயர் வையுங்கள்.

கேள்வி: முதல் வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். "அஞ்சு பக்கம்தான், சின்ன வேலை" என்கிறார். எவ்வளவு கேட்கலாம்?

பக்கத்தை எண்ணி விலை சொல்லாதீர்கள். முதலில் அவரிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். எழுத்தும் படமும் யார் தருவார்கள், எப்போது? தளத்துக்கு வருகிறவர் என்ன செய்ய வேண்டும்: போன் செய்யவா, படிவம் நிரப்பவா, பணம் கட்டவா? வெளியான பிறகு மாற்றங்களை யார் செய்வார்கள்? பதில்கள் கிடைத்ததும் வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் டிசைனுக்கும் கோடிங்குக்கும் மட்டும் மணி போடுகிறார்கள். போன் பேச்சு, வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொன்றாக வந்து விழும் படங்களைச் சேர்த்து அடுக்குவது, நாலைந்து மொபைல்களில் சோதிப்பது, கடைசியில் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எல்லாம் கணக்கில் வருவதே இல்லை. நான் பார்த்தவரை ஒரு தளம் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் கோடிங் அல்ல, வாடிக்கையாளரிடமிருந்து வந்து சேராத எழுத்து.

ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியது ஏறக்குறைய இது:

"முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படங்கள், தொடர்பு என ஐந்து பக்கங்கள். டிசைனில் இரண்டு முறை திருத்தம் இந்தத் தொகைக்குள் அடங்கும். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. எழுத்தும் படங்களும் இந்தத் தேதிக்குள் வர வேண்டும். தாமதமானால் வெளியீடும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஆரம்பிக்கும்போது பாதித் தொகை, டிசைன் ஒப்புதலானதும் கால் பங்கு, வெளியிடும் முன் மீதி."

கறாராகப் பேசினால் ஆள் போய்விடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் முன்பணம் தரவே மாட்டேன் என்கிறவர் வேலை முடிந்த பிறகு பெரும்பாலும் இழுத்தடிக்கத்தான் செய்வார். அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. தெரிந்தவர் என்பதால் குறைத்துத்தான் ஆக வேண்டுமா? முழுத் தொகையையும் எழுதி, தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் குறைத்த தொகையைத்தான் அவர் நாலு பேரிடம் உங்கள் விலை என்று சொல்வார்.

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் செய்து கொடுப்பது ஏமாற்று வேலையா?

இல்லவே இல்லை. வேர்ட்பிரஸ் என்பது கோடிங் எழுதாமலே தளத்தை அமைக்கவும் மாற்றவும் உதவும் மென்பொருள். வாடிக்கையாளருக்குத் தானே மாற்றிக்கொள்ளக்கூடிய தளம் வேண்டும், அது கிடைக்கிறது. ஆனால் ஒரு படிவத்துக்கு மூன்று பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்டுவிட்டு அப்டேட் செய்யாமல் விடுவது தவறு. பல தளங்களில் திருட்டு நுழைவது பழைய பிளக்இன் வழியாகத்தான். எதற்குப் போட்டோம் என்று உங்களால் சொல்ல முடியாத பிளக்இன் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நீயே பார்த்துக்கோ" என்கிறார் வாடிக்கையாளர். என் கணக்கிலேயே வாங்கிவிடலாமா?

வேண்டாம். டொமைன் என்பது தளத்தின் பெயர், ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் இடம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சிறு நிறுவனம் நடத்தும் ஒருவர் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாக அவர் தொழிலின் பெயரிலேயே தளம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் தளமும் இல்லை, ஈமெயிலும் இல்லை. டொமைனைத் தேடிப் பார்த்தால் செய்து கொடுத்த டிசைனரின் பெயரில், டிசைனரின் ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போய், போன் எண்ணையும் மாற்றிவிட்டார். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

டாட் காம் போன்ற டொமைன்கள் காலாவதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் உரிமையாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி. காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொன்றும் அனுப்ப வேண்டும். அதெல்லாம் போயிருக்கும், யாரும் திறக்காத ஒரு இன்பாக்ஸுக்கு. காலாவதியான பிறகும் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க நிறுவனங்கள் சில நாள் அவகாசம் தருவதுண்டு. அதையும் விட்டு, டொமைன் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம்; அதில் மீட்கக் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதன் பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றி எதிரியிடம் கொடுப்பதற்கு இது சமம்.

சரி, எப்படிச் செய்வது? வாடிக்கையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் ஈமெயிலில் கணக்குத் தொடங்கி, அவர் கார்டில் கட்டச் சொல்லுங்கள். அந்த ஈமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போடுங்கள். உங்களுக்கு வேலை செய்யத் தேவையான அனுமதியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் அதற்கு வழி இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒரு தாள் கொடுங்கள். டொமைன் எந்த நிறுவனத்தில், எப்போது காலாவதி, ஹோஸ்டிங் எங்கே, அட்மின் கணக்கு எந்த ஈமெயிலில், பேக்அப் எங்கே போகிறது, திரும்பப் போடுவது எப்படி. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். "என்னை விட்டால் அவருக்கு வேறு ஆள் இல்லை" என்ற நிலையை உண்டாக்கி வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியில் போகாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் உங்களை விட்டுப் போகலாம் என்று தெரிந்தும் உங்களிடமே திரும்பி வருகிற வாடிக்கையாளர்களைச் சம்பாதியுங்கள்.

கேள்வி: தளத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றினேன். தளம் நன்றாக ஓடுகிறது. ஆனால் மறுநாளிலிருந்து வாடிக்கையாளருக்கு ஈமெயிலே வரவில்லை. பதறுகிறார்.

டொமைனின் முகவரிப் பட்டியலை (டிஎன்எஸ்) வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றியிருப்பீர்கள். தளத்தின் முகவரி, ஈமெயிலின் முகவரி எல்லாம் ஒரே டிஎன்எஸ் பட்டியலில்தான் இருக்கின்றன. நேம்சர்வர் மாறியதும் பட்டியலே மாறிவிட்டது. புதிய பட்டியலில், ஈமெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் இல்லை. பழைய இடத்தில் பார்த்து எம்எக்ஸ் பதிவுகளை அப்படியே சேருங்கள். மெயில் உண்மையில் அவரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று டிஎக்ஸ்டி பதிவுகள் இருந்தால் அவையும் வேண்டும். இல்லாவிட்டால் அவர் அனுப்பும் மெயில் ஸ்பாமில் விழும். அடுத்த முறை நேம்சர்வரைத் தொடாமல், தளத்தின் சர்வர் முகவரியைச் சொல்லும் 'ஏ' பதிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். முந்தின நாளே அதன் டிடிஎல்லை (மற்ற கணினிகள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து வைத்தால், ஏதாவது தவறினாலும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பலாம். மாற்றும் முன் டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில் தளம் செய்தேன். சில இடங்களில் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வருகின்றன.

கேள்விக்குறியா, புரியாத ஐரோப்பிய எழுத்துகளா என்று முதலில் கவனியுங்கள். ஐரோப்பிய எழுத்துகள் என்றால் தகவல் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. பிரவுசர்தான் தவறாகப் படிக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான யுடிஎஃப்-8 குறியீட்டை எச்டிஎம்எல்லில் மெட்டா சார்செட் என்ற வரியில் கொடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். வெறும் கேள்விக்குறிகள் என்றால் டேட்டாபேஸுக்குள் போகும்போதே தமிழ் அழிந்திருக்கக்கூடும். மைஎஸ்க்யூஎல் டேபிளையும் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு, அந்தப் பகுதிகளை மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான். இன்னொன்று: ஆங்கிலத்துக்காகச் செய்த தீம்களில் வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும். தமிழில் மேல் வரியின் கீழ்ச்சுழிகளும் கீழ் வரியின் மேற்சுழிகளும் ஒன்றோடொன்று இடிக்கும். லைன்ஹைட்டை 1.7 அளவுக்கு ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: இப்போது ஏஐ எல்லாக் கோடிங்கையும் எழுதித் தருகிறதே, நான் ஏன் கற்க வேண்டும்?

நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் வருவதைப் படிக்கத் தெரிய வேண்டும். மெனு ஒன்று கேட்டால் சில நேரம் பட்டன் டேக்குக்குப் பதிலாக, வெறும் பெட்டி மட்டுமான டிவ் டேக்கில் கிளிக் வைத்துத் தரும். மவுஸில் அழகாகத் திறக்கும். மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் கீயை மட்டும் அழுத்திக்கொண்டே வாருங்கள். அந்த மெனுவில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். கை நடுங்குவதால் கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவருக்கும், ஸ்கிரீன் ரீடரில் கேட்டுப் படிப்பவருக்கும் அந்தத் தளம் மூடிய கதவுதான். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வைத்துத் தருவதும் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைக்க வழிகாட்டும் டபிள்யூசிஏஜி நெறிமுறை. பிரவுசரின் டெவ்டூல்ஸிலேயே அளந்து பார்க்கலாம். இவையெல்லாம் தெரிந்தவருக்கு ஏஐ நல்ல உதவியாள். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டையோ, அவருடைய வாடிக்கையாளர்கள் பட்டியலையோ அதில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: தளம் வெளியாகி இரண்டு மாதம் ஆகிறது. நிறுவனத்தின் பெயரையே போட்டுத் தேடினாலும் கூகுளில் வரவில்லை.

வேர்ட்பிரஸ் தளமா? செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். வேலை நடக்கும்போது போட்ட டிக்கை வெளியிடும் நாளில் எடுக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது. அதை எடுத்துவிட்டு, தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். சர்ச் கன்சோலையும் வாடிக்கையாளரின் கூகுள் கணக்கில் தொடங்கி, உங்களைப் பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.