உபதேசியார் பதில்கள்: சர்க்கரையும் ஒருசந்தியும்

கேள்வி: எனக்கு வயது 63. சர்க்கரைக்கு ஊசி போடுகிறேன். என் மாமியார் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்) முழுக்க ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே வேளை முழுச் சாப்பாடு என்று இருந்தவர். என்னால் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்க முடியவில்லை. பங்குச் சாமியாரோ, "அன்றாட வேலையிலேயே தவக்காலத்தைப் பாருங்கள்" என்கிறார். காலை ஐந்து மணிக்கே அடுப்படியில் நிற்கிறவள் அங்கே எதைப் பார்க்க?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், தங்கச்சி. திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது முடிந்தவர்களுக்குத்தான். 59 முடிந்ததும் அது விட்டுப்போகிறது. அதுவும் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள். (இப்போது திருநீற்றுப் புதன் என்கிறார்கள். என் வாயில் பழைய பேர்தான் வருகிறது.) உங்கள் மாமியார் நாற்பது நாளும் இருந்தது அவர்களுடைய பக்தி. அதை உங்கள் தலையில் கடனாக ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இறைச்சியை விலக்குகிற சுத்தபோசனத்தைப் பற்றி நம் கடற்கரைக்காரர்கள் வாயே திறக்கக் கூடாது. இறைச்சிதானே ஆகாது, மீன் ஆகும். சீலா மீனைப் பொரித்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம்" என்று நானே பெருமையடித்திருக்கிறேன். வெட்கப்பட்டு ஒரு வருஷம் மீனையும் விட்டேன். கஞ்சியும் துவையலும்தான். இரண்டாம் வாரமே வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழ ஆரம்பித்தேன். என் மனைவி சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கறியைக் கடிக்கிறத விட்டீங்க, மனுசரைக் கடிக்கிறத விடலையே." மறுநாள் மீன் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டேன்.

அடுப்படிக்கு வருகிறேன். என் அம்மா பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத்தான் விளக்குவாள். விபூதிப் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடும்போது, "மண்ணாய் இருக்கிறாய்" என்ற வார்த்தை காதில் விழுவதற்குள் எனக்கு அந்தப் பானை ஞாபகம் வந்துவிடும். பிரசங்கத்தில் சாம்பல் என்றால் சாவு. எங்கள் வீட்டில் அது கரி போக்குகிற சாமான். உங்களிடம் கேஸ் அடுப்புதான் இருக்கும், ஆனாலும் தேய்க்க வேண்டியது எது என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று கேட்கிறேன். எல்லாருக்கும் தோசை சுட்டுப் போட்டுவிட்டு, கடைசியில் ஆறிப்போனதை நின்றுகொண்டே தின்கிறீர்கள், இல்லையா? அதை வருஷம் பூராவும் செய்கிறீர்கள். தவக்காலத்துக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. இந்த வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் உட்காருங்கள். மகனோ கணவரோ சுட்டுப் போடட்டும். அது அவர்களுக்குத் தவக்காலம். தோசை கருகினாலும் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், உங்களுக்கும்.

கேள்வி: போன குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலை இயேசு படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடக்கிறது. குப்பையில் போடலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கோயிலில் கொடுத்துவிடுங்கள். அதை எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறோம். முப்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவன் சொல்கிறேன்: ஈரம் படாமல் கொண்டு வாருங்கள். ஈர ஓலை எரியாது, புகையும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும்.