ஃபிளை ஆஷ் கல் ஓரம் உதிர்வது பற்றி

அண்ணாச்சி, கங்கைகொண்டான் பக்கம் நீங்க அடிக்கிற ஃபிளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பல்ல செய்யுற கட்டடக் கல்) பத்தாம் நாளே ஓரம் உதிருது, சிமெண்டைக் கூட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. அவசரப்பட்டுக் கூட்டாதீங்க. முதல்ல சாம்பலைப் பாருங்க.

தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் ரெண்டு வகை. புகைபோக்கிக்கு முன்னாலேயே பிடிச்சு உலர்வா ஏத்துறது ஒண்ணு. தண்ணியோட குளத்துல விட்டு அள்ளுறது இன்னொண்ணு. ஒரு சிட்டிகையை விரல்ல தேய்ங்க. முகப்பவுடர் மாதிரி வழுக்கினா உலர் சாம்பல். நறநறன்னு இருந்தா குளத்துச் சாம்பல். துகள் பெரிசு, சுண்ணாம்போட சேர்ந்து இறுகுறது குறைவு. லோடு இறக்கும்முன் இதைச் செய்யுங்க.

100 கிலோ கலவைக்கு உலர் சாம்பல் 50 கிலோ, கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கிறப்போ வர்ற தூள்) 40, சிமெண்ட் 10. உலர்வா நல்லாக் கலந்த பிறகே தண்ணி. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், உள்ளங்கை நனையக் கூடாது.

அடுத்து, ஆனிக் காத்து. வெட்டவெளியில அடுக்கினா ஓரந்தான் முதல்ல காயும். சிமெண்ட் விடுற சுண்ணாம்பைச் சாம்பல் மெதுவாத்தான் பிடிக்கும்; அதுவரை ஈரம் வேணும். மறுநாள்லேர்ந்து ஈரச்சாக்கு, மேல தார்ப்பாய், 21 நாள். 28 நாளுக்கு முன்னால லாரியில ஏத்தாதீங்க.